ஆவாரம்பட்டையும் பனிக்கால பூட்ஸும்



ஐப்பசி பிறந்தால் நம் ஊரில் பேச்செல்லாம் மழையைப் பற்றித்தான். பாபநாசம் அணை எத்தனை அடி, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது, குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டதா என்று கேட்டுக்கொள்வோம். சில வருஷங்களாக அதே மாதத்தில் எனக்கு வேறொரு கேள்வியும் வருகிறது. "சார், மகளுக்குப் பேறுகாலம் பார்க்க டொராண்டோ போகிறோம், என்ன ஷூ வாங்க?" "மாமா, ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது, பூட்ஸ் இங்கேயே வாங்கிக்கொள்ளவா?" இப்படிக் கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லாருக்கும் சேர்த்து ஒரு பாடமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

நான் வரலாறு நடத்தியவன். எந்தப் பொருளைப் பற்றிக் கேட்டாலும், "இது எப்படி இப்படி ஆயிற்று?" என்றுதான் என் புத்தி போகும். பனிக்கால பூட்ஸ் மூன்று வேலைகள் செய்ய வேண்டும். காலை வெதுவெதுப்பாக வைக்க வேண்டும். தண்ணீர் உள்ளே புக விடக்கூடாது. பனிக்கட்டியில் வழுக்கக் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்த மூன்றும் மனிதன் ஒரே நாளில் கற்ற பாடங்கள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் எங்கோ யாரோ கால் விரலைக் கொடுத்திருக்கிறார்கள், சிலர் உயிரையே கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கதையில் பனியே பார்க்காத நம் தமிழ் மண்ணுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

செருப்பு நமக்குப் புதிதில்லை. சங்க நூல்களில் 'தொடுதோல்' என்றே ஒரு சொல் இருக்கிறது. யாழ்ப்பாணத்து உறவுகள் இன்றும் சொல்லும் 'சப்பாத்து' போர்த்துக்கீசியர் விட்டுப் போன சொல். 'பூட்ஸ்' ஆங்கிலேயர் கொண்டுவந்தது. சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே யார் யார் இந்தக் கரையில் இறங்கினார்கள் என்று தெரிந்துவிடும்.

1. தண்ணீர்

நம் பக்கத்துக் கரட்டுக்காடுகளில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரஞ்செடியை எல்லாருக்கும் தெரியும். சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று அதன் பூவைக் கொதிக்க வைத்துக் குடிப்பவர்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு. அந்தச் செடியின் பட்டைதான் ஒரு காலத்தில் மதராஸ் மாகாணத்துத் தோல் தொழிலின் உயிர்நாடி. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்ட மாட்டுத்தோல் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போயிற்று. அங்கே அதற்கு 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று பெயர். முதல் உலகப் போர் வந்தபோது பிரிட்டிஷ் அரசே இந்தத் தோலை மொத்தமாக வாங்கியது. எதற்குத் தெரியுமா? ராணுவ பூட்ஸின் மேல்பகுதிக்கு. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் சேற்றில் நின்ற சிப்பாய்களின் காலில் நம் ஆவாரம்பட்டை இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சுண்ணாம்புத் தொட்டியிலும் பட்டைக்குழியிலும் நின்று அந்தத் தோலைப் பதனிட்டவர்களில் பெரும்பாலோர், காலில் செருப்போடு ஊர்த்தெருவில் நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட மக்கள். உலகத்தின் காலைக் காத்த கைகளுக்குச் சொந்தக் காலில் செருப்புப் போட உரிமை இல்லாமல் இருந்தது. உலகப் போர் பாடம் நடத்தும்போது இதைச் சொல்லாமல் நான் அடுத்த பக்கம் திருப்பியதில்லை.

அந்தப் போரின் முதல் குளிர்காலத்தில் ஒரு புதிய வியாதி தலையெடுத்தது. பதுங்குகுழிகளில் முழங்கால் அளவு தண்ணீர். சிப்பாய்கள் நாள்கணக்கில் நனைந்த பூட்ஸோடு அதில் நின்றார்கள். கால் மரத்து, வீங்கி, கறுத்து, சிலருக்கு வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பிரிட்டிஷ் படையில் மட்டும் அந்தக் குளிர்காலத்தில் சுமார் 20,000 பேர் இப்படி விழுந்தார்கள். 1914 செப்டம்பர் கடைசியில் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படையினர் வெயில் நாட்டுப் பருத்தி உடுப்போடு போனவர்கள். அவர்கள் பட்ட பாடு இன்னும் பெரியது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த வியாதிக்குத் தண்ணீர் உறைய வேண்டிய அவசியமே இல்லை. குளிர்ந்த ஈரமும் இறுக்கமான பூட்ஸும் போதும். அதன்பிறகுதான் ராணுவம் உத்தரவு போட்டது: ஒரு நாளில் பல முறை காலுறையை மாற்று, காலைத் துடை, திமிங்கில எண்ணெய் தேய். ஈரமான கால் குளிரைத் தாங்காது என்பதுதான் முதல் பாடம்.

தோலை மட்டும் நம்பினாலும் போதாது. ஐம்பது அறுபது வயதைத் தாண்டியவர்கள் கமலை இறைத்ததைப் பார்த்திருப்பீர்கள். சாலோடு சேர்ந்த தோல் வால் எந்நேரமும் நனைந்தே கிடக்கும். பட்டையில் பதனிட்ட தோல் தண்ணீரில் கிடந்தால் சீக்கிரம் இற்றுவிடும். 1903 வாக்கில் சென்னையில் இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், அமெரிக்காவில் பழக்கத்துக்கு வந்திருந்த குரோம் பதனிடும் முறையை இங்கே சோதித்தார். அவர் மனதில் இருந்த முக்கியமான பயன்களில் ஒன்று கிணற்றில் தண்ணீர் இறைக்கும் தோல் சால்தான். இன்று உலகத்தில் பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி குரோம் முறையில்தான் பதனிடப்படுகிறது. 1948-இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து ஐரோப்பாவுக்குக் காலணிகள் போகின்றன. நீங்கள் ஜெர்மனியில் விலை கொடுத்து வாங்கும் ஜோடி, ஆம்பூர்ப் பிரியாணி வாசத்தில் தைக்கப்பட்டதாகக்கூட இருக்கலாம்!

சரி, தோல் நல்ல தோல். தண்ணீர் வேறெங்கே நுழையும்? தையலில். வடதுருவத்து இன்யூட் மக்கள் சீல் தோலில் பூட்ஸ் தைப்பார்கள். அந்தப் பெண்கள் ஊசியை ஒரு பக்கத் தோலின் பாதிக் கனத்தோடு நிறுத்தி, முழுக்கத் துளைக்காமல் இரட்டைத் தையல் போடுவார்கள். துளையே இல்லாவிட்டால் தண்ணீர் எப்படி வரும்? அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லியோன் லியோன்வுட் பீன் என்பவர் 1912-இல் அடிப்பாகம் ரப்பரும் மேல்பாகம் தோலுமாக வேட்டைக்காரர் பூட்ஸ் செய்து விற்றார். முதலில் விற்ற 100 ஜோடியில் 90 ஜோடி திரும்பி வந்துவிட்டன. ரப்பரும் தோலும் சேரும் தையல் பிய்ந்துபோயிருந்தது. அவர் எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கி மறுபடி சரியாகச் செய்தார். அந்த வடிவம் இன்றும் விற்கிறது.

2. வெதுவெதுப்பு

கனமாக இருந்தால் சூடாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் காலைக் காப்பது அசையாமல் அடைபட்டுக் கிடக்கும் காற்று. கம்பளியும் ரோமமும் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும் பைகள், அவ்வளவுதான்.

வட நார்வேயின் சாமி மக்கள் கலைமான் தோல் பூட்ஸுக்குள் காய்ந்த புல்லைத் திணித்துக்கொள்வார்கள். அந்தப் புல் எது என்று தேடிப் பார்த்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். அது நம் கோரையின் குடும்பத்தைச் சேர்ந்தது! பத்தமடையில் பாயாகும் கோரைக்கு அங்கே ஒரு சித்தப்பா பிள்ளை. அந்தப் புல் வியர்வையை உறிஞ்சும், காற்றைப் பிடித்து வைக்கும். இரவில் எடுத்து உதறிக் காயப்போட்டால் மறுநாளைக்கு மறுபடி ஆகும்.

1911 டிசம்பர் 14-இல் தென்துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்சன் நார்வேக்காரர். புறப்படுவதற்கு முந்தைய குளிர்காலத்தில் அவருடைய குழு தங்கள் பூட்ஸைப் பலமுறை பிரித்து, பெரிதாக்கி, மறுபடி தைத்தது. காரணம், உள்ளே காலுறைகளுக்கும் காற்றுக்கும் இடம் போதவில்லை. இறுக்கமான பூட்ஸ் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். இரத்தம் வராத விரலுக்கு எந்தக் கம்பளியும் சூடு கொடுக்காது.

எவரெஸ்ட் கதை எல்லாரும் படித்ததுதான். 1953 மே 28 இரவு, கடைசிக் கூடாரத்தில் ஹிலாரி தம் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார். டென்சிங் கழற்றவில்லை. காலையில் பார்த்தால் ஹிலாரியின் பூட்ஸ் கல்லாக உறைந்திருந்தது. பகல் முழுதும் உள்ளே சேர்ந்த ஈரம் இரவில் பனிக்கட்டியாகிவிட்டது. அடுப்பு நெருப்பில் வாட்டி இளக்கிய பிறகுதான் அவரால் கிளம்ப முடிந்தது. உலகத்தின் மிக உயரமான இடத்தை அடைந்த நாள் பூட்ஸ் காய வைப்பதில் தொடங்கியது. வெளியிலிருந்து வரும் தண்ணீரைப் போலவே நம் காலிலிருந்து வரும் வியர்வையும் எதிரிதான்.

3. பிடிப்பு

இதுதான் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு மிக முக்கியமானது. குளிர் தாங்காவிட்டால் வீட்டுக்குள் வந்துவிடலாம். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அதுவும் அறுபது வயதுக்கு மேல், வாழ்க்கையே மாறிப்போகும்.

படித்துறையில் பாசி பிடித்த கடைசிப் படியை நினைத்துக்கொள்ளுங்கள். பாசி காய்ந்திருந்தால் அவ்வளவு வழுக்காது. ஈரம் ஏறினால்தான் ஆளைத் தூக்கி அடிக்கும். பனிக்கட்டியும் அப்படித்தான். அதன் மேற்பரப்பில் தண்ணீர் போன்ற மெல்லிய படலம் எப்போதும் உண்டு. கடுங்குளிரில் அது குறைந்துவிடும். பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில், லேசாக உருகும் நேரத்தில் அதிகமாகும். அதனால் மைனஸ் இருபதைவிடப் பூஜ்யத்தை ஒட்டிய நாள்தான் அதிக ஆபத்து. "இன்று குளிர் குறைவு" என்று செருப்போடு வாசலில் இறங்குகிற நாள் அதுதான்.

பழைய மலையேறிகள் தோல் பூட்ஸின் அடியில் இரும்பு ஆணி அடித்துக்கொண்டார்கள். 1924-இல் எவரெஸ்டில் மறைந்த மல்லோரியின் உடல் 1999-இல் கிடைத்தபோது காலில் அப்படிப்பட்ட ஆணி பூட்ஸ் இருந்தது. ஆணி பனியைப் பிடிக்கும். ஆனால் இரும்பு குளிரை நேராகப் பாதத்துக்குக் கொண்டுபோகும். ஒரு குணத்தைத் தேடினால் இன்னொன்று கைவிட்டுப் போகிறது.

1935-இல் இத்தாலி ஆல்ப்ஸ் மலையில் விட்டாலே பிரமானி என்ற வழிகாட்டி தம் நண்பர்கள் ஆறு பேரைப் புயலில் இழந்தார். அவர்கள் காலில் அந்த உயரத்துக்கும் குளிருக்கும் ஏற்ற காலணி இல்லை. அந்தத் துக்கத்திலிருந்து அவர் கண்டுபிடித்ததுதான் ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் அடி. 1937-இல் வந்தது. தம் பெயரையும் குலப்பெயரையும் சுருக்கி 'விப்ரம்' என்று பெயர் வைத்தார். இன்றும் பல பூட்ஸின் அடியில் மஞ்சள் நிறத்தில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறைப் பக்கம் பால் வெட்டி எடுக்கிறார்களே, அந்த ரப்பர்தான் இதற்கெல்லாம் அடிப்படை. 1839-இல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் வழியைக் கண்டிராவிட்டால், ரப்பர் வெயிலில் இளகியும் குளிரில் விறைத்தும் வீணாகியிருக்கும்.

ஆனால் ஆழமான பல் மண்ணுக்கும் புதிய பனிக்கும்தான் நல்லது. கண்ணாடி போன்ற பனிக்கட்டியில் பல் எதைக் கவ்வும்? அங்கே ரப்பரின் மென்மையும், அதில் கலந்திருக்கும் சொரசொரப்பான துகள்களும்தான் கைகொடுக்கும். டொராண்டோவில் ஒரு மறுவாழ்வு ஆராய்ச்சி நிறுவனம் உண்மையான பனிக்கட்டித் தரையை அமைத்து, அதைச் சாய்த்துச் சாய்த்து ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்தது. 2016-இல் வெளியான முதல் முடிவில், கடைகளில் விற்ற 98 வகைக் காலணிகளில் 9 மட்டுமே 7 டிகிரிச் சரிவில் வழுக்காமல் நின்றன. விலை அதிகம் என்பதற்காக எதுவும் தேறவில்லை. ஈழத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போன நம் மக்கள் ஏராளமாக வாழும் ஊர் அது. இந்தச் செய்தி அங்கே இருக்கும் ஒவ்வொரு தமிழ் வீட்டுக்கும் தெரிய வேண்டும்.

4. யார் தேர்ந்தெடுப்பது?

நீங்களும் நானும் கடைக்குப் போய் நாலு ஜோடி போட்டுப் பார்த்து வாங்கலாம். சிப்பாய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. அவன் காலுக்கு எது என்று எங்கோ ஒரு மேஜையில் தீர்மானிக்கிறார்கள்.

1962 அக்டோபரில் வடகிழக்கு எல்லையில் 10,000 அடிக்கு மேலே நின்ற நம் வீரர்கள் பலருக்குப் பருத்தி உடுப்பும் கான்வாஸ் ஷூவும்தான் இருந்தன. நம்கா சூ ஆற்றங்கரையில் அந்தப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கி, சீனரிடம் சிறைப்பட்டு மீண்ட பிரிகேடியர் ஜான் தால்வி, 'இமாலயன் பிளண்டர்' என்ற நூலில் இதை வேதனையோடு எழுதியிருக்கிறார். நவம்பர் 18-இல் லடாக்கின் ரெசாங் லாவில் மேஜர் சைத்தான் சிங்கின் குமாவோன் கம்பெனி கடைசிக் குண்டுவரை நின்றது. மறு வருஷம் பனி விலகிய பிறகு, பதுங்குகுழிகளில் இருந்த நிலையிலேயே உறைந்திருந்த அவர்கள் உடல்கள் கிடைத்தன.

1984 ஏப்ரல் 13-இல் சியாச்சினில் நம் படை ஏறியது. அங்கே இன்றுவரை எதிரியின் குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவும்தான் அதிக உயிர்களைக் குடித்திருக்கின்றன. 2016 பிப்ரவரி 3-இல் 19,600 அடி உயரத்தில் 19-வது மதராஸ் படையணியின் முகாம் பனிச்சரிவில் புதைந்து பத்துப் பேர் மாண்டார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11-இல் கண்மூடினார். பனிச்சரிவை எந்த பூட்ஸும் தடுக்காது, அது வேறு. ஆனால் 2020-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை ஒன்றைச் சொல்லியது: 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை உயரமான பனிப்பகுதி வீரர்களுக்குப் புதிய பூட்ஸ் வழங்கப்படவில்லை, இருந்ததையே சரிசெய்து மறுபடி போட வேண்டியிருந்தது. 1962-க்கும் 2016-க்கும் நடுவே 54 வருஷம். பாடம் தெரியாமல் இல்லை. படித்த பாடத்தை மறுபடி மறுபடி படிக்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

5. இனி நீங்கள் கடைக்குப் போகும்போது

மேலே சொன்ன வரலாற்றையெல்லாம் சுருக்கினால் இவ்வளவுதான். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்: கணுக்கால் மூடும் உயரம் வேண்டும். அடிப்பாகத்தில் ரப்பர் மேலேறி வந்திருக்க வேண்டும், தையல் தரைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கு இருபக்கமும் மேல்வரை சேர்த்துத் தைத்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள்.

வெதுவெதுப்பு: போடப்போகிற கம்பளிக் காலுறையோடு போட்டுப் பாருங்கள். சாயங்காலம் போங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். விரல்கள் உள்ளே தாராளமாக அசைய வேண்டும், குதிகால் தூக்கக் கூடாது. பருத்திக் காலுறை வேண்டாம், வியர்வையில் நனைந்து ஊறிப்போகும். மூன்று காலுறை போட்டு இறுக்கவும் வேண்டாம். "மைனஸ் 40 தாங்கும்" என்று அட்டையில் போட்டிருப்பது பெரும்பாலும் செய்பவர் சொல்லும் கணக்கு, அதை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளுறையைத் தனியே கழற்றிக் காய வைக்க முடிந்தால் மிக நல்லது. ஹீட்டர்மேல் வைத்துக் காய்ச்சாதீர்கள், தோல் வெடிக்கும்.

பிடிப்பு: அடியை விரலால் அழுத்திப் பாருங்கள். மென்மையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் போல வழவழப்பாக இருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். டொராண்டோ சோதனையில் தேறியவற்றின் பட்டியலைப் பிள்ளைகள் இணையத்தில் பார்த்துச் சொல்லட்டும். மேலே மாட்டிக்கொள்ளும் முள் பட்டைகள் வெளியே கடும் பனிக்கட்டியில் உதவும். கடைக்குள் நுழையும்போது கழற்றிவிட வேண்டும், மொசைக் தரையில் அவையே வழுக்கிவிடும்.

எங்கே வாங்குவது: பனி பெய்கிற ஊரில்தான். இங்கே கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பார்வைக்கு மட்டும் பூட்ஸ். பிள்ளைகளே, அப்பா அம்மா கால் அளவை இப்போதே காகிதத்தில் வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு ஜோடியோடு விமான நிலையத்துக்கே போங்கள். முதல் வழுக்கல் பெரும்பாலும் கார் நிறுத்துமிடத்தில்தான் காத்திருக்கும்.

சர்க்கரை உள்ளவர்கள்: கால் மரத்திருந்தால் குளிர் கடிப்பதே தெரியாது. தினமும் இரவு காலைத் துடைத்து, விரல் இடுக்குவரை வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் மாறியிருந்தாலோ மரத்துப்போயிருந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். நெருப்பில் காட்டவோ தேய்க்கவோ கூடாது.

நடை: பாசிப் படியில் எப்படி இறங்குவீர்கள்? பாதத்தை முழுதாக வைத்து, சின்னச் சின்ன அடியாக, கையைப் பையில் விடாமல். அதே நடைதான்.

வெளிநாட்டில் இருக்கும் மாணவர்கள் உங்கள் ஊரில் எந்த வகை பூட்ஸ் கைகொடுத்தது என்று கீழே எழுதுங்கள். இந்த வருஷம் புறப்படும் பெரியவர்களுக்கு அது உதவும். ராணுவத்தில் இருக்கும் நம் பள்ளிப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் நலமா என்று ஒரு வரி போடுங்கள். சார் காத்திருப்பேன்.

எல்லாரும் கால் பத்திரம்.

அன்புடன்,
உங்கள் சார்
பாளையங்கோட்டை